முதல் நாள் பனியை எங்கே கொட்டினோம்

2025 பெப்ரவரி 17, திங்கட்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர் என்னை எழுப்பியது. போர்வைக்கு வெளியே இருந்த மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. அந்த நேரத்தில் தரைத் துவாரங்களில் இருந்து வெப்பக்காற்று வீசும் மெல்லிய இரைச்சல் எப்போதும் கேட்கும். அன்று கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த வெப்பநிலைப் பெட்டியைப் பார்த்தேன். படுக்கும்போது 21 காட்டியது இப்போது 16 காட்டியது. வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டது. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. அதை நிறுத்தியது எட்டு நாட்களுக்கு முன்பு நாங்கள் எங்கள் கையால் செய்த ஒரு காரியம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குளிர்காலத்துக்குத் தயாராவது பற்றி எல்லோரும் உடுப்பையும் சப்பாத்தையும் உப்பு மூட்டையையும் சொல்லித் தருவார்கள். வாரிய பனியை எங்கே கொட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கிறது. நான், கணவர், அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மகன், 76 வயதான என் அப்பா ஆகிய நால்வரும் மேலே. நிலத்தடித் தளமான பேஸ்மென்டில் மதுரையிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி. அவளுக்கு அது முதல் குளிர்காலம். எனக்கு இருபதுக்கும் மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெப்ரவரியைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. 8ஆம் திகதி சனிக்கிழமை இரவு தொடங்கியது. 12ஆம் திகதி புதன் இரவு முழுவதும் கொட்டியது. 15, 16 சனி ஞாயிறு மீண்டும் கொட்டியது. ஒன்றரை வாரத்துக்குள் ரொறன்ரோவில் 50 சென்டிமீற்றருக்கும் மேல். ஒரே நாளில் இவ்வளவு விழுந்திருந்தால்கூடச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவது கரைவதற்குள் இரண்டாவதும், இரண்டாவதை ஒதுக்கி முடிப்பதற்குள் மூன்றாவதும் வந்ததுதான் எங்களைத் திணறடித்தது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அது விடியற்காலைப் பனியைப் பற்றிய பேச்சு. இங்கே மாசி முதலாம் நாளன்று கூரை விளிம்பிலிருந்து ஒரு முழம் பனி நாக்கு நீட்டித் தொங்கியது.

முதல் ஞாயிறு காலை விழுந்திருந்தது பஞ்சு போன்ற பனி. மகனும் கணவரும் அரை மணி நேரத்தில் வழித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. வீட்டு முன்பாதையிலிருந்து இரண்டு அடி வைத்தால் போதும். பனியை அங்கே எறிவதுதான் அவர்களுக்கு வசதி. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சந்துதானே, யார் நடக்கப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது.

இங்கே தையிலும் மாசியிலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்துக்குக் கீழேயே இருக்கும். அதனால் கொட்டிய பனி போகாது. பங்குனி வரை அது நம்மோடு இருக்கும் குடியிருப்பாளர். முதல் நாள் அருகில் கொட்டினால், இரண்டாம் முறை அந்தக் குவியலின் மேலே எறிய வேண்டும். மூன்றாம் முறை மார்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதற்குள் கையும் இடுப்பும் சோர்ந்திருக்கும். ஆகவே பனி குறைவாகவும் உடம்பு புதிதாகவும் இருக்கும் முதல் நாளிலேயே, முன்முற்றத்தின் மிகத் தூரமான மூலைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். தூரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால் கடைசி நாள் பனிக்கு அருகில் இடம் மிஞ்சும். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

11ஆம் திகதி தைப்பூசம். அன்று ஒன்றும் கொட்டவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். அந்த ஒரு நாளைக் கொஞ்சம் பயன்படுத்தியிருந்தால் முன்முற்றக் குவியலைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். சாலையோரக் குவியலின் உயரத்தையும் குறைத்திருக்கலாம். வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது அந்தக் குவியல்தான் நடைபாதையில் வருகிற குழந்தையை மறைக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு பனிப்பொழிவுகளுக்கு நடுவே வரும் வெறும் நாளை நான் ஓய்வு நாளாக விடுவதில்லை.

வியாழன் காலை கதவைத் திறந்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வெள்ளை. பள்ளி பஸ் ஓடாது என்று செய்தி வந்திருந்தது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் எங்கள் முன்பாதை ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம். மகன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டான். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்குமாம். 25 சென்டிமீற்றர் உயரத்துக்கு விழுந்திருந்தால், 36 சதுர மீற்றரில் 900 கிலோ. பனி வாரும் சவலில் (மண்வாரி போன்றது) ஒரு தடவைக்கு ஐந்து கிலோ என்று வைத்தால் 180 தடவை குனிந்து நிமிர வேண்டும். அந்தத் தாளைக் கதவருகே ஒட்டிவைத்தேன். "ஒரே மூச்சில் முடித்துவிடுவோம்" என்று யாராவது சப்பாத்துப் போடும்போதெல்லாம் அது கண்ணில் படட்டும் என்றுதான்.

அந்தத் தாள் முக்கியமாக அப்பாவுக்காக. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஊரில் தோட்டம் செய்த உடம்பு. வீட்டில் இரண்டு ஆண்கள் வெளியே உழைக்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. நான் குசினியிலிருந்து பார்க்கும்போது குல்லாகூட இல்லாமல் சவலோடு நின்றார்.

"அப்பா, உள்ளே வாருங்கள்."

"இது என்ன பிள்ளை, மண்ணா? பஞ்சு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளிவிட்டு வருகிறேன்."

நான் அவரோடு வாதாடவில்லை. வெளியே போய்ச் சவலைக் கையில் வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் நான் அப்படிச் செய்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கியது. ஆனால் எனக்குத் தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பாரத்தைத் தூக்கி எறியும்போது நம்மை அறியாமல் மூச்சை அடக்குகிறோம். அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. காலையில் எழுந்த உடனே, வெறும் வயிற்றில், உடம்பு சூடேறாத நிலையில் இதைச் செய்கிறோம். கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் ஏற்படும் மரணமும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் சர்க்கரையும் அழுத்தமும் இல்லாத அறுபது வயதுக்காரர் எத்தனை பேர்? தயவுசெய்து உங்கள் அப்பாவின் கையிலிருந்து, மாமாவின் கையிலிருந்து சவலை வாங்கிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். கடிகாரம் பார்ப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஜன்னலில் தட்டுவார். வெளியே இருப்பவர் உள்ளே வந்தே ஆக வேண்டும். தேநீர் குடித்து, கையுறையை மாற்றிக்கொண்டுதான் மறுபடி போகலாம். அவர் ஒரு நிமிடமும் தவறவில்லை.

எதிர்வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் இத்தாலியப் பெரியவர் இருக்கிறார். முன்பெல்லாம் பனி விழத் தொடங்கியதுமே அவர் வெளியே வந்து தள்ளத் தொடங்குவதைக் கண்டு, இன்னும் விழப்போகிறதே, எதற்கு இரட்டை வேலை என்று நினைத்திருக்கிறேன். வியாழனன்றுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து சென்டிமீற்றரைச் சவலால் தள்ளலாம். இருபத்தைந்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும். தள்ளுவதற்கும் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் முதுகெலும்பில் தெரிகிறது. சனிக்கிழமை மூன்றாவது பொழிவு தொடங்கியபோது நாங்களும் அவரைப் போலவே செய்தோம். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை. மொத்த நேரம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மறுநாள் யாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை.

சவலில் பனி ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. எறிகிறோம், பாதி போகிறது, பாதி ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. மெழுகு தேய்க்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி இல்லை. தேங்காய் எண்ணெய் இருந்தது. அது இந்தக் குளிரில் போத்தலுக்குள்ளேயே வெண்ணெய் போல உறைந்துதான் இருக்கும். கத்தி முனையால் சுரண்டி எடுத்து, சவலின் உட்பக்கம் முழுவதும் உள்ளங்கையால் பூசினேன். வெளியே கொண்டுபோன சில நொடிகளில் அது இறுகி மெல்லிய வெண்படலமானது. அதன் பிறகு பனி வாழையிலையில் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஒரு பூச்சு ஏறத்தாழ அரை மணி நேரம் தாங்குகிறது.

மாநகரத்தின் பனி வாரும் வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது நம் முன்பாதையின் வாயிலில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். வயல் வரப்பு மாதிரியேதான் இருக்கும். அது பஞ்சுப் பனி அல்ல. சாலையின் உப்பும் ஈரமும் பனிக்கட்டியும் சேர்ந்து நெருங்கியது. ஒரு சவல் எடுத்தால் கல் தூக்குவது போலக் கனக்கும். இரண்டு மணி நேரம் கிடந்தால் காரின் சில்லும் ஏறாத அளவுக்கு இறுகிவிடும். ஆகவே வண்டி வந்துபோன சத்தம் கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். ஒரு சின்ன உத்தியும் உண்டு. சாலையை நோக்கி நின்றால் இடது கைப்பக்கம், அதாவது வண்டி வரும் திசையில், வாயிலுக்குச் சற்று முன்னால் ஓரமாக ஒரு சிறு இடத்தை வெறுமையாக்கி வைத்தால் வண்டி தள்ளிவரும் பனியில் கொஞ்சம் அங்கே இறங்கிவிடும். முழுவதும் தப்ப முடியாது. பாதி வரப்போடு தப்பலாம்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனியை எடுத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய கட்டிக்குத்தான் உப்பு. பனியின் மேலே மூட்டை மூட்டையாகக் கொட்டுவது வீண். சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் சாதாரணக் கல்லுப்பு ஏறக்குறைய வேலை செய்யாது. அப்போது மணல்தான் காலுக்குப் பிடி தரும். உப்பு முழுவதும் கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு எனக்கு நிறைவான இரவு. இரண்டு நாட்களுக்கு முன்பே தேவையானவற்றை வாங்கி வைத்திருந்தோம். உறைபெட்டியில் நண்டும் மீனும் இருந்தன. ஊரிலிருந்து வந்த ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவும் ஒரு பைக்கற் இருந்தது. பெரிய பானையில் கூழ் காய்ச்சினேன். பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு. பேஸ்மென்டிலிருந்து மதுரைப் பிள்ளையை மேலே வரச் சொன்னேன். "அக்கா, இது எங்கள் ஊரில் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தாள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு மகன் முன்பாதையை வழித்துவிட்டு வந்தான். அவர் ஒரு போத்தல் தக்காளிக் குழம்பு கொடுத்தனுப்பினார். வெளியே தேர்தல் பலகைகள் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருந்தன. அந்த மாதம் 27ஆம் திகதி ஒன்ராறியோவில் மாகாணத் தேர்தல். எங்கள் தெருவில் வேட்பாளர்களின் பெயர்கள் மறைந்து, பலகைகளின் மேல் விளிம்பு மட்டும் வண்ணக் கோடுகளாகத் தெரிந்தது.

ஞாயிறு பகல் முழுவதும் வாரினோம். பின்னேரத்தில் காற்று எழுந்தது. பொழிவு நின்ற பிறகும் பனி ஓயவில்லை. கூரையிலிருந்தும் குவியல்களிலிருந்தும் பொடியாகக் கிளம்பி, எங்கே ஒதுக்குப்புறம் இருக்கிறதோ அங்கே போய்ப் படிந்தது. எங்கள் சந்து நல்ல ஒதுக்குப்புறம்.

இனி, மூன்று மணிக்கு வருகிறேன்.

இங்கே உள்ள புதிய வகை ஃபர்னஸ்களுக்குப் பழைய புகைபோக்கி கிடையாது. பக்கச் சுவரிலிருந்து இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று எரிவதற்குக் காற்றை உள்ளே இழுக்கும், மற்றது கழிவுக் காற்றை வெளியே விடும். எதில் அடைப்பு வந்தாலும் உள்ளே இருக்கும் அழுத்த உணரி அதைக் கண்டுகொண்டு அடுப்பை நிறுத்திவிடும். எங்கள் உயிரைக் காப்பதற்காகத்தான் அது நின்றது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. இயந்திரத்தின் மூடியில் இருந்த சிறு ஜன்னலில் ஒரு விளக்கு மூன்று மூன்றாக மின்னிக்கொண்டிருந்தது. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டவணையைக் கணவர் கைப்பேசி வெளிச்சத்தில் வாசித்தார். அழுத்தம் என்ற சொல்லைக் கண்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சந்து!

முதலில் ஃபர்னஸின் மின்விசையை அணைத்தோம். அது மீண்டும் மீண்டும் எரிய முயன்றுகொண்டிருந்தது. கழிவுக் காற்று வெளியேற வழியில்லாமல் அப்படி எரியவிடக் கூடாது. படுக்கை அறைகளுக்கு வெளியே இருந்த கார்பன் மோனாக்சைட் எச்சரிக்கைக் கருவியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, ஓசை இல்லை. மணமும் நிறமும் இல்லாத அந்த வாயுவை அந்தக் கருவி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஓசை கேட்டிருந்தால் குழாயைத் தோண்டப் போயிருக்க மாட்டோம். அனைவரையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்திருப்போம். கீழே வசிப்பவர்களுக்கும் அவர்கள் பகுதியில் ஒரு கருவி இருக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அதன் பற்றரியை இன்றே பாருங்கள்.

சந்தில் பனி என் தோள் உயரம் இருந்தது. அடியில் நாங்கள் முதல் ஞாயிறு எறிந்தது, அதன்மேல் வியாழன், அதன்மேல் காற்று கொண்டுவந்தது. முதல் நாள் பனி எட்டு நாளில் கட்டியாகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. சவலை ஓங்கிக் குத்த முடியாது, குழாய் உடைந்துவிடும். மேலே இருந்ததைச் சவலால் எடுத்துவிட்டு, குழாயை நெருங்கியதும் மகன் முழங்காலிட்டுக் கையாலேயே தோண்டினான். மேற்குழாயின் வாய் தெரிந்தது. வாயைச் சுற்றிப் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு மூடி. நான் வீட்டுக்குள்ளிருந்து வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கொண்டுவந்து அதில் வைத்தேன். மெல்ல விட்டுக்கொடுத்தது. இரண்டு குழாய்களையும் சுற்றி ஒரு மீற்றர் வெறுமையாக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு விசையைப் போட்டோம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அடுப்பு பற்றிக்கொள்ளும் அந்த மெல்லிய "புப்" சத்தம். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. "எரிகிறதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அழுகை வந்துவிட்டது.

இப்படி ஓர் இரவு வந்தால் அறையைச் சூடாக்குகிறேன் என்று கரி அடுப்பையோ வெளியே வைத்துச் சமைக்கும் எரிவாயு அடுப்பையோ உள்ளே கொண்டுவராதீர்கள். எல்லோரும் ஓர் அறையில் சேர்ந்து, கதவு இடுக்கில் துவாய் வைத்து, போர்வையோடு இருங்கள். வீடு நாம் பயப்படும் அளவுக்கு வேகமாகக் குளிர்ந்துவிடுவதில்லை. காருக்கும் இதே விதிதான். புகைக்குழாயைச் சுற்றிப் பனியை எடுக்காமல் இயந்திரத்தை ஓடவிட்டுக் குழந்தையை உள்ளே உட்கார வைக்காதீர்கள்.

விடிந்த பிறகுதான் கீழே இருக்கும் பிள்ளையின் வாசலைப் பார்த்தோம். பேஸ்மென்டுக்கு வெளியிலிருந்து இறங்கும் படிகள் ஒரு தொட்டி போல. அந்தத் தொட்டி கதவின் கைப்பிடி வரை நிரம்பியிருந்தது. அவள் கதவை உள்பக்கம் இழுத்துத் திறந்ததும் பனி அப்படியே அறைக்குள் சரிந்தது. "நான் இதைச் சொன்னால் தொந்தரவு என்று நினைப்பீர்களோ என்று இருந்துவிட்டேன், அக்கா" என்றாள். அந்த வார்த்தை என்னை மிகவும் வருத்தியது. வெளியே போகும் வழி அடைபட்டிருக்கும்போது ஒரு பிள்ளை தயங்கிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறாள். நான் என் முன்பாதையை மூன்று தடவை வழித்திருக்கிறேன். அவள் படியை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கார் வெளியே போவதற்கு முன்பு மனிதர் வெளியே வர வழி வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் சவலை எடுத்தால் வரிசை இதுதான்: பேஸ்மென்ட் படி, சந்தில் உள்ள குழாய்கள், முன்வாசல், அதன் பிறகே கார்.

அன்று பிற்பகல் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில், மினியாப்பொலிஸிலிருந்து வந்த விமானம் ஒன்று தரையிறங்கும்போது தலைகீழாகப் புரண்டது. பனிப்புழுதி பறக்கும் ஓடுபாதையில் மனிதர்கள் அதிலிருந்து இறங்கி ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்த 80 பேரும் உயிர் தப்பினார்கள் என்ற செய்தி வரும்வரை அப்பா கைகூப்பியபடியே இருந்தார்.

மாநகரம் தெருக் குவியல்களை லொறிகளில் ஏற்றி அப்புறப்படுத்த மூன்று வாரம் ஆகும் என்று அறிவித்தது. மாத இறுதியில் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே ஏறியபோது நாங்கள் செய்த கடைசி வேலை, வீட்டுக்கு முன்னால் சாலையோரத்தில் இருக்கும் வடிகால் மூடியைத் தேடிக் கண்டுபிடித்ததுதான். பேஸ்மென்ட் படியின் அடியில் இருக்கும் சிறு வடிகாலையும் கட்டி நீக்கித் திறந்துவிட்டோம். அது அடைந்திருந்தால் கரையும் நீர் முழுவதும் அந்தப் பிள்ளையின் அறைக்குள்தான் போயிருக்கும். தெருவில் இருக்கும் தீயணைப்புக் குழாயைச் சுற்றியும் எதிர்வீட்டுப் பெரியவரின் பேரனும் என் மகனுமாகச் சேர்ந்து வழித்தார்கள்.

அந்த ஆண்டு ஒக்டோபரில், முதல் உறைபனிக்கு முன்பே, நுனியில் வெளிச்சம் படும் பட்டை ஒட்டிய செம்மஞ்சள் குச்சிகள் ஆறு வாங்கினேன். இரண்டு சந்தில், ஃபர்னஸ் குழாய்களின் இரு பக்கமும். ஒன்று சாலை வடிகாலுக்கு நேரே. ஒன்று பேஸ்மென்ட் படியின் தலைப்பில். மீதி இரண்டும் முன்முற்றத்தின் தூர மூலையில், முதல் நாள் பனி எங்கே போக வேண்டும் என்று காட்டுவதற்கு. நிலம் இறுகுவதற்கு முன்னால், தோட்டத்துக்குப் பாத்தி பிடிப்பது போல முழம் போட்டு அளந்து, ஆறையும் அப்பாதான் நட்டார்.